சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு பிழை திருத்தம்

(நம் சமூகக் கூடத்தில், கோடை விடுமுறை விளையாட்டு மாலையின் முதல் நாள் பேசியது. நேரம் போதாமல் விட்டுப்போன ஓரிரு விளக்கங்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



எனக்கு முன்னால் பேசியவர் தண்ணீர் லாரிக் கணக்கைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் பேசப்போவது சீட்டாட்டம் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை, பணம் வைத்து ஆடுவதில்லை.

என்னைப் பலருக்கும் தெரியும். பி.காம். முடித்த கையோடு வங்கியில் சேர்ந்தேன், 31 வருஷம் கிளார்க். பிரமோஷன் வந்தபோதெல்லாம் டிரான்ஸ்ஃபருக்குப் பயந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன், கிளார்க்காகவே ரிடையரானேன். அதில் வருத்தம் கிடையாது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரூல் என்று ஒன்று இருந்தால் அது எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்ற நினைப்பு. இன்றைக்கு இங்கே நிற்பதற்கே அதுதான் காரணம்.

இந்தக் கூடத்தின் ஜன்னல் ஓரத்து மேஜையில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவோம். பார்த்திருப்பீர்கள். ஐந்து வாரமாக அந்த மேஜை காலியாக இருக்கிறது. ஏன் என்று சிலர் லிஃப்டில் கேட்டார்கள். சீட்டு விஷயத்தில் ஒரு தகராறு என்று மட்டும் சொல்லி வைத்தேன். முழுசாகச் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் பெயர் பேண்டமிக். மாட் லீகாக் என்கிற அமெரிக்கர் உருவாக்கியது, 2008-ல் வெளிவந்தது. கோவிட்டைப் பார்த்துச் செய்தது என்று நினைக்காதீர்கள், அதற்கெல்லாம் ரொம்ப முன்னாடி. என் பெண் பெங்களூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தாள். முதலில் பெட்டியைப் பார்த்துவிட்டு, பட்டது போதாதா, விளையாட்டிலும் வேறு இதுவா என்று பரண் மேல் போட்டுவிட்டேன்.

நாம் வழக்கமாக ஆடும் ரம்மியோ கழுதையோ மாதிரி இதில் ஒருத்தரை ஒருத்தர் ஜெயிப்பது கிடையாது. மேஜையில் உட்கார்ந்த எல்லோரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி அந்தச் சீட்டுக்கட்டுதான். ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். மேஜையில் ஒரு உலகப் படம், அதில் 48 ஊர்கள். நீலம், மஞ்சள், கறுப்பு, சிவப்பு என்று நாலு நோய். ஒவ்வொரு நோய்க்கும் சின்னச் சின்னக் கட்டைகள், நிறத்துக்கு 24. ஊரில் கட்டை ஏற ஏற நோய் முற்றுகிறது என்று அர்த்தம். நாலு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தால் ஜெயம்.

48 ஊரில் ஒன்று சென்னை. கறுப்பு நோய் வட்டாரம். படத்தில் அதற்கு 5 ஊர்களோடு கோடு போட்டிருக்கிறது. மும்பை, டெல்லி, கொல்கத்தா மூன்றும் கறுப்பு. பாங்காக், ஜகார்த்தா இரண்டும் சிவப்பு. உலகத்துக்கே வைத்தியம் பார்க்கும் ஆட்டத்தில் நம்மூர் பெயரைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு சந்தோஷம். யாரும் சென்னையை விட்டுக்கொடுக்க மாட்டோம். அதனாலேயே இரண்டு ஆட்டம் தோற்றிருக்கிறோம், அது வேறு கதை.

ஒருத்தர் முறை என்றால் மூன்று கட்டம். முதலில் 4 வேலை செய்யலாம்: நகரலாம், கட்டை எடுக்கலாம், சீட்டு கைமாற்றலாம், மருந்து கண்டுபிடிக்கலாம். அடுத்தது, ஆட்டக்காரர் கட்டிலிருந்து 2 சீட்டு எடுக்க வேண்டும். கடைசியாக நோய்க் கட்டிலிருந்து சில சீட்டைத் திருப்ப வேண்டும், திரும்பிய ஊரில் ஒவ்வொரு கட்டை வைக்க வேண்டும். ஆரம்பத்தில் 2 சீட்டு, போகப் போக 3, பிறகு 4.

இவ்வளவுதான் ஆட்டம் என்றால் சண்டையே வராது. சண்டை வருவது சீட்டுகளின் விசேஷ சக்தியால். ஒரு சீட்டின் சக்தி இன்னொன்றைக் கிளப்பும், அது மூன்றாவதைக் கிளப்பும். எது முதலில், எது நடுவில் புகலாம், எது புகக்கூடாது என்பதில்தான் குரல் உயரும். கவுன்டரில் செக் பாஸ் பண்ணுவது மாதிரி. டெபாசிட் முதலில் ஏறியதா, செக் முதலில் வந்ததா என்பதைப் பொறுத்து அதே கணக்கு, அதே தொகை, ஒரு நாள் பாஸ் ஆகும், ஒரு நாள் திரும்பும்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு பாத்திரச் சீட்டு. மெடிக் என்று ஒருத்தர், டாக்டர் மாதிரி. மற்றவர்கள் ஒரு வேலைக்கு ஒரு கட்டை எடுத்தால், இவர் அந்த ஊரில் அந்த நிறத்துக் கட்டை முழுவதையும் ஒரே வேலையில் எடுப்பார். அந்த நோய்க்கு ஏற்கெனவே மருந்து கண்டுபிடித்தாகிவிட்டதென்றால் வேலையே வேண்டாம், அவர் ஊருக்குள் கால் வைத்தாலே கட்டை காலி. டிஸ்பாட்சர் என்று இன்னொருத்தர். இவர் தன் முறையில் மற்றவர்களின் காயை நகர்த்தலாம்.

இரண்டையும் கோத்துப் பாருங்கள். டிஸ்பாட்சர் தன் 4 வேலையில் மெடிக்கை 4 ஊருக்கு நகர்த்துகிறார். மருந்து கண்டுபிடித்த நோயானால் அந்த 4 ஊரும் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும், மெடிக்கின் முறை வராமலே. இது சரியா, ஏமாற்று இல்லையா என்று பி பிளாக் டீச்சரம்மா முதல் நாளே கேட்டார்கள். சரிதான், ரூல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் மருந்து கண்டுபிடிக்காத நோய் என்றால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். அப்போது கட்டை எடுப்பது ஒரு வேலை. டிஸ்பாட்சர் அடுத்தவரின் காயை நகர்த்தலாமே தவிர, அவரை வேலை செய்ய வைக்க முடியாது. தானாக நடப்பது நடக்கும், செய்ய வேண்டியது நடக்காது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிஸ்பாட்சர் அடுத்தவர் காயைத் தொடுவதற்கு முன்னால், அந்தக் காய்க்குரியவர் சம்மதிக்க வேண்டும். இதுவும் ரூலில் இருக்கிறது. நான் பல சனிக்கிழமை டிஸ்பாட்சராக இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை. "நீ இங்க வாடா கண்ணா" என்று காயைத் தூக்கி வைத்துவிடுவேன். அவர்களும் பெரியவள் சொல்கிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

இனி சங்கிலி வெடிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஊரில் ஒரு நிறத்தில் 3 கட்டைக்கு மேல் ஏறாது. நாலாவது வைக்க வேண்டிய நிலை வந்தால் அங்கே நோய் வெடிக்கும். நாலாவது கட்டையை அங்கே வைக்காமல், கோடு போட்டு இணைத்த ஒவ்வொரு ஊரிலும் அதே நிறத்தில் ஒன்று வைக்க வேண்டும். வெடிப்பு எண்ணும் காய் ஒரு படி இறங்கும். எட்டாவது வெடிப்பில் ஆட்டம் முடிந்தது, தோல்வி. அக்கம்பக்கத்து ஊரில் ஏற்கெனவே 3 இருந்தால் அங்கேயும் வெடிக்கும். ஆனால் உடனே இல்லை. முதல் ஊரின் வெடிப்பை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே நோய்ச் சீட்டினால் ஒரு ஊர் ஒரு தடவைதான் வெடிக்கும். இந்தச் சங்கிலியில் ஏற்கெனவே வெடித்த ஊருக்கு மறுபடி கட்டை வைக்கக் கூடாது.

உதாரணத்துக்கு, சென்னை, டெல்லி, கொல்கத்தா மூன்றிலும் 3 கறுப்புக் கட்டை, மும்பையில் 1 என்று வையுங்கள். சென்னைச் சீட்டு திரும்புகிறது. வெடிப்பு ஒன்று. மும்பை, பாங்காக், ஜகார்த்தாவுக்கு ஒவ்வொரு கட்டை. மும்பையில் இப்போது 2. டெல்லியும் கொல்கத்தாவும் ஏற்கெனவே நிரம்பியவை, அவை வரிசையில் நிற்கும். அடுத்து டெல்லி. வெடிப்பு இரண்டு. தெஹ்ரான், கராச்சி, மும்பைக்கு ஒவ்வொன்று, மும்பையில் 3. சென்னை வெடித்து முடிந்த ஊர், அதை விட்டுவிட வேண்டும். கொல்கத்தா எப்படியும் வெடிக்கத்தான் போகிறது, டெல்லியால் அதற்கு இரண்டாவது வெடிப்பு கிடையாது. கடைசியாகக் கொல்கத்தா. வெடிப்பு மூன்று. பாங்காக்குக்கும் ஹாங்காங்குக்கும் ஒவ்வொன்று. ஆக, ஒரே சீட்டுக்கு 3 வெடிப்பு, 8 கட்டை.

மும்பையில் முதலில் 1-க்குப் பதில் 2 இருந்திருந்தால்? சென்னையால் 3 ஆகியிருக்கும், டெல்லியால் நாலாவது வெடிப்பு. ஒரே ஒரு கட்டையில் வருகிற வித்தியாசம். அதனால்தான் டீச்சரம்மா, "3 இருக்கிற ஊரைப் பார்க்காதீங்க, அதுக்குப் பக்கத்துல 2 இருக்கிற ஊரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

குவாரன்டைன் ஸ்பெஷலிஸ்ட் என்கிற பாத்திரம் இந்த இடத்தில்தான் கை கொடுக்கும். அவர் நிற்கும் ஊரிலும், அதோடு இணைந்த எல்லா ஊரிலும் கட்டை வைக்க முடியாது, வெடிப்பும் நடக்காது. மேலே சொன்ன நிலையில் அவர் சென்னையில் நின்றால் சென்னைச் சீட்டு வந்தும் ஒன்றும் ஆகாது. கராச்சியில் நின்றால்? டெல்லி, மும்பை இரண்டுக்கும் காவல் உண்டு, சென்னைக்கு இல்லை. சென்னை வெடிக்கும், டெல்லிக்குப் போகும் கண்ணி அறுந்துவிடும், கொல்கத்தா மட்டும் வெடிக்கும். மூன்று இரண்டாகக் குறையும். எங்கள் ஆட்டத்தில் அன்றைக்கு அந்தப் பாத்திரம் யாருக்கும் வரவில்லை.

பலர் தப்பாக நினைக்கும் ஒன்று: மருந்து கண்டுபிடித்துவிட்டால் அந்த நோய் பரவாது என்று. பரவும், வெடிக்கவும் செய்யும். மருந்தும் கண்டுபிடித்து, படத்தில் அந்த நிறத்துக் கட்டை ஒன்றுகூட இல்லாமல் எடுத்தால்தான் ஒழிந்தது என்று கணக்கு.

சரி, தகராறுக்கு வருகிறேன்.

ஆட்டக்காரர் கட்டுக்குள் எபிடெமிக் என்ற சீட்டுகளை ஒளித்து வைப்போம். கட்டைச் சம குவியல்களாகப் பிரித்து, குவியலுக்கு ஒன்றாகக் கலந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது வழக்கம். எபிடெமிக் வந்தால் மூன்று படி. முதல் படி, நோயின் வேகம் ஒரு கட்டம் கூடும். இரண்டாம் படி, நோய்க் கட்டின் அடியிலிருந்து ஒரு சீட்டை உருவி, அந்த ஊரில் ஒரேயடியாக 3 கட்டை. மூன்றாம் படி, இதுவரை திருப்பிப் போட்ட நோய்ச் சீட்டுகளையெல்லாம் கலைத்து, மறுபடி கட்டின் மேலே வைக்க வேண்டும். அதாவது ஏற்கெனவே அடி வாங்கிய ஊர்களே திரும்ப வரும். இந்த மூன்றாம் படியை யோசித்தவருக்குக் கல் மனசு.

நம் பக்கம் ஈவென்ட் சீட்டுகள் 5 உண்டு. அவற்றை யார் முறையிலும் போடலாம், வேலைக் கணக்கில் வராது. ஆனால் ஒரு பொது விதி: ஒரு சீட்டை எடுத்து, அது சொல்வதைச் செய்து முடிக்கும் வரை நடுவில் ஈவென்ட் புகக்கூடாது. அந்த விதி எனக்கு மனப்பாடம். இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை யாருக்காவது சொல்லிவிடுவேன்.

ஐந்து வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. மூன்று நோய்க்கு மருந்து ஆகிவிட்டது, கறுப்பு மட்டும் பாக்கி. ஏ பிளாக்கில் சாஃப்ட்வேரில் இருக்கும் பெண், கையில் 5 கறுப்புச் சீட்டோடு ஆராய்ச்சி நிலையத்தில் நிற்கிறாள். அடுத்த முறை அவளுடையது. மருந்து கண்டுபிடிக்க வேண்டியது, எழுந்து டீ குடிக்க வேண்டியது. நடுவில் என் முறையின் பிற்பாதி மட்டும் பாக்கி. வெடிப்புக் காய் 5-ல் நிற்கிறது. டெல்லியிலும் கொல்கத்தாவிலும் 3 கறுப்பு, மும்பையில் 1. நான் 2 சீட்டு எடுத்தேன். இரண்டும் எபிடெமிக்.

இது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியதுதான். ஒரு குவியலின் கடைசிச் சீட்டும் அடுத்த குவியலின் முதல் சீட்டும் எபிடெமிக்காக அமைந்தால் வரும். அப்போது மூன்று படியையும் ஒருமுறை முழுசாக முடித்து, பிறகு இரண்டாவது சீட்டுக்கு மறுபடி செய்ய வேண்டும். முதல் எபிடெமிக் முடிந்தபோது, திருப்பிப் போட்ட சீட்டெல்லாம் கலைந்து கட்டின் மேலே போய்விட்டது. கழித்த குவியல் காலி. இரண்டாவது எபிடெமிக்கில் அடியிலிருந்து உருவினேன். சென்னை. அதுவரை ஒரு கட்டைகூட இல்லாத சென்னையில் 3 கறுப்பு. காலியாக இருந்த குவியலில் இப்போது ஒரே ஒரு சீட்டு, சென்னை. ஒரு சீட்டைக் கலைப்பதற்கு என்ன இருக்கிறது? அது அப்படியே கட்டின் உச்சிக்குப் போகும். அடுத்து நோய்ச் சீட்டு திருப்பும்போது முதலில் வருவது சென்னைதான். 3 கட்டை இருக்கும் ஊருக்கு நாலாவது. நிச்சயமான வெடிப்பு. அதன் பிறகு நடப்பதை மேலே உதாரணமாகவே சொல்லிவிட்டேன். 5-உம் 3-உம் 8.

அப்போதுதான் சி பிளாக் பையன், ஒன்பதாம் வகுப்பு, "பாட்டி, ஒரு நிமிஷம்" என்று ஒரு சீட்டைப் போட்டான். ரெசிலியன்ட் பாப்புலேஷன் என்ற ஈவென்ட் சீட்டு. கழித்த குவியலிலிருந்து எந்த ஒரு நோய்ச் சீட்டையும் எடுத்து, ஆட்டத்தை விட்டே நீக்கிவிடும். கடைசிவரை திரும்ப வராது. குவியலில் இருந்ததோ ஒரே சீட்டு. சென்னையைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தான் பாருங்கள், அந்தச் சீட்டை 7 முறையாகக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த பிள்ளை.

நான், "கூடாது. எபிடெமிக் நடுவுல ஈவென்ட் போடக் கூடாது, ரூல் தெரியாதா?" என்றேன்.

"இல்ல பாட்டி, இதுக்கு மட்டும் உண்டு. கார்டுலயே போட்டிருக்கு."

"கார்டுல ஆயிரம் போட்டிருக்கும். மொதல்ல பொது விதி. தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ரூலை வளைக்கறதுக்குப் பேரு விளையாட்டு இல்ல."

இன்னொரு வார்த்தையும் சொன்னேன். அதை இந்த மைக்கில் திரும்பச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவன் முகத்தைப் பார்த்து, டீச்சரம்மா "விடுங்களேன், குழந்தை" என்றார்கள். அதுவும் எனக்கு ஏறவில்லை. சென்னைச் சீட்டை அவன் கையிலிருந்து வாங்கி, கட்டின் மேல் வைத்து, நானே திருப்பினேன். சென்னை, டெல்லி, கொல்கத்தா. ஆட்டம் போயிற்று. அடுத்து என்ன சீட்டு இருந்தது என்றுகூடப் பார்க்காமல் கட்டைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவன் "குட் நைட்" சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வரவில்லை. அவன் வராததால் அந்தப் பெண்ணும் வரவில்லை. டீச்சரம்மாவும் நானும் இரண்டு பேர் ஆடிப் பார்த்தோம், நன்றாக இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சீட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டு கைக்கு வந்தது. சின்ன எழுத்தில், எபிடெமிக்கின் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில் இதைப் போடலாம் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது. அந்த இடத்துக்காகவே செய்த சீட்டு அது. ஊரில் கட்டை வைத்தாகிவிட்டது, சீட்டு இன்னும் கலையவில்லை, அந்த ஒரு மூச்சு நேரத்தில் உருவிவிடுவதுதான் அதன் வேலை. பொது விதிக்கு விலக்கை அந்தச் சீட்டே தன் மேல் எழுதி வைத்திருக்கிறது. வங்கியில் பொது சர்க்குலர் ஒன்று இருக்கும், இந்தக் கணக்குக்கு மட்டும் இப்படி என்று தனி உத்தரவு ஒன்று இருக்கும். தனி உத்தரவு இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அன்றைக்கு அதை ஒப்புக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்போமா என்றால், நிச்சயம் என்று சொல்ல முடியாது. சீட்டுதான் ஆட்டத்தை விட்டுப் போகும், சென்னையில் வைத்த 3 கட்டை அங்கேயேதான் இருக்கும். நோய்க் கட்டில் டெல்லி மேலே வந்திருந்தால் டெல்லி வெடித்து, சென்னையையும் கொல்கத்தாவையும் இழுத்திருக்கும், அதே மூன்று வெடிப்பு. வராமலும் இருந்திருக்கலாம். நான் கட்டைக் கலைத்துவிட்டதால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொரு விதியையும் அன்று படித்தேன், ஒரே வரி. ஈவென்ட் சீட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அதைப் போடுகிறவர்தான் தீர்மானிப்பார். மேஜையில் மூத்தவரோ, ரூல் தெரிந்தவரோ, குரல் பெரியவரோ அல்ல.

கணக்கில் தப்பு நேர்ந்தால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். தப்பான பதிவு அப்படியே இருக்கும், அதற்குத் திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும், என்ன தப்பு என்று கீழே எழுத வேண்டும். நான் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சி பிளாக்குக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். அவனிடம் சீட்டைக் காட்டி, "நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, அந்த வார்த்தையும் தப்பு" என்றேன். "பரவால்ல பாட்டி, எக்ஸாம் இருக்கு" என்றான். அந்தப் பரவாயில்லை எந்த வகை என்று பேரப்பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தப்பு நடந்தது நாலு பேர் முன்னால், திருத்தம் மட்டும் அவர்கள் வீட்டு ஹாலில் என்றால் கணக்கு நேராகாது இல்லையா. அதனால் செயலாளரிடம் நானாகக் கேட்டு இந்த மைக்கை வாங்கினேன். பையனிடமும் அனுமதி வாங்கினேன். பேர் சொல்லக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

மீதி 4 ஈவென்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்காக. ஒன் கொயட் நைட் என்ற சீட்டு, அடுத்து வரும் நோய்ச் சீட்டு திருப்பும் கட்டத்தையே ஒருமுறை இல்லாமல் செய்துவிடும். ஒரு சீட்டை அல்ல, அந்தக் கட்டம் முழுவதையும். ஆனால் எபிடெமிக்கின் இரண்டாம் படியை அது தடுக்காது. இரண்டிலும் ஊரில் கட்டை வைக்கிறோம் என்பதால் குழப்பம் வருகிறது, இரண்டும் வேறு. ஃபோர்காஸ்ட், நோய்க் கட்டின் மேல் 6 சீட்டைப் பார்த்து, வேண்டிய வரிசையில் அடுக்கலாம். எபிடெமிக் முழுசாக முடிந்த பிறகு, நோய்ச் சீட்டு திருப்புவதற்கு முன்னால் போட்டால்தான் அதற்கு முழு மதிப்பு. ஏர்லிஃப்ட், யாருடைய காயையும் எந்த ஊருக்கும் கொண்டுபோகும், அந்த ஆள் சம்மதித்தால். மெடிக்கை ஏற்றி அனுப்பினால் முன்பு சொன்ன தானாகத் துடைக்கும் சக்தி இதற்கும் உண்டு. கவர்ன்மென்ட் கிராண்ட், எந்த ஊரிலும் ஆராய்ச்சி நிலையம் கட்டலாம். அதில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

போட்டு முடித்த ஈவென்டை மறுபடி எடுக்கும் பாத்திரம் ஒன்று இருக்கிறது, கன்டிஞ்சன்ஸி பிளானர். ஒரு வேலை செலவு செய்து ஒரு சீட்டை எடுத்துத் தன் பாத்திரச் சீட்டின் மேல் வைத்துக்கொள்ளலாம். கையில் 7 சீட்டுதான் இருக்கலாம் என்ற வரம்பில் அது சேராது. இரண்டாம் தடவை போட்டதும் ஆட்டத்தை விட்டுப் போய்விடும். இதில் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள், சீட்டை எடுத்துப் படியுங்கள். இனிமேல் சந்தேகம் வந்தால் சீட்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் பேசுவது என்று டீச்சரம்மா ஏற்பாடு செய்திருக்கிறார்கள். படிப்பது யார் கையில் இருக்கிறதோ அவர்.

பேச்சு இதோடு முடிந்தது. எழுதிக் கொடுக்கும்போது ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. பேசி மூன்றாம் நாள் லிஃப்டில் பையனைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது மாடி தாண்டியதும் அவனாகவே, "பாட்டி, அன்னிக்கு சென்னையை எடுத்திருந்தா அந்தப் பைல் காலி. அப்புறம் மூணாவது படியில எதைக் கலைக்கிறது?" என்றான்.

"எதையும் இல்ல. கலைக்க ஒண்ணுமில்லன்னா அந்தப் படி சும்மா போகும்."

"நானும் அதான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சனிக்கிழமை 5 மணி, அதே மேஜை. 4 பேர்தான் ஆட முடியும், மற்றவர்கள் பார்க்கலாம். படிக்கும் கண்ணாடி கொண்டுவாருங்கள், எழுத்து பொடி. பெட்டியை எண்ணிப் பார்த்ததில் 96 கட்டைக்கு 95 இருக்கிறது, கறுப்பில் ஒன்று குறைகிறது. கட்டை தீர்ந்து வைக்க முடியாமல் போனாலும் தோல்வி என்பதால் இது சின்ன விஷயமில்லை. இப்போதைக்கு ஒரு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். கூடம் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் யாருக்காவது கிடைத்தால் செக்யூரிட்டியிடம் கொடுத்து வையுங்கள்.